மீன் வாசனைக் கார்

அந்தக் கார் கோமதிக்குப் பிடித்துப்போக எத்தனையோ காரணங்கள் இருந்தன. பிடிக்காமல் போக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கதவைத் திறந்த மாத்திரத்தில் அது முகத்தில் வந்து அறைந்தது.

மீன் வாசனை.

பக்கத்து வீட்டில் யாரோ சமைக்கிற மாதிரி லேசான வாசனை அல்ல. ஹௌரா மீன் மார்க்கெட்டையே சுருட்டி, நாலு சக்கரம் மாட்டி, சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது.

அவள் கணவர் பட்டாபி மூக்கைப் பொத்தப் பார்த்தார். இடது கை இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. வலது கை தடியைப் பிடித்திருந்தது. ஆகவே தடியை மனைவியிடம் நீட்டிவிட்டு, காரின் மேல் சாய்ந்துகொண்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவி நிதானமாக மூக்கைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு ஏற்பாட்டையும் காரின் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டே நின்றதுதான் கோமதிக்குச் சங்கடமாகப் போயிற்று.

"இலிஷ் மீன் சீசன் ஆரம்பிச்சிடுச்சுன்னு வண்டியே சொல்லுது பாரு, பட்டாபி" என்றார் ரஹீம்.

அப்துல் ரஹீமும் பட்டாபியும் டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள். ரஹீமின் பூர்வீகம் கீழக்கரை; பட்டாபியின் தாத்தா கும்பகோணத்திலிருந்து ரயிலேறியவர். இரண்டு பேருமே பிறந்தது கல்கத்தாவில்தான். துணைக்கு வந்த ரஹீமுக்கு அந்த வாசனையில் எந்தக் குறையும் தெரியவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

காருக்கான அவசியம் ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை நேரத்தில் வந்தது. பட்டாபியின் இடது கையிலிருந்த காபி டம்ளர் தானாக நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கப் பார்த்தவரால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பத்திரமாக உயிரோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இடது கையும் காலும் பாதித் தூக்கத்தில் இருந்தன. முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்றார் டாக்டர். அதற்குள் பயிற்சியில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் திரும்பும். அதற்குப் பிறகு திரும்புவது கடினம். ஆகவே ஒரு நாள்கூடத் தப்பவிடாதீர்கள் என்று கோமதியைப் பார்த்துச் சொல்லி அனுப்பினார்.

பயிற்சி வாரம் மூன்று நாள், சால்ட் லேக்கில். வீடு காளிகாட்டில், கோயிலுக்குப் போகிற ஜன நெரிசலுக்குள் சொருகிய ஒரு சந்தில். வாடகைக் கார்க்காரர்கள் அந்தச் சந்தின் பெயரைப் பார்த்ததுமே சவாரியை ரத்து செய்தார்கள். மஞ்சள் டாக்ஸி கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. மெட்ரோவில் போகலாம் என்றால் நடுவில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்த நெருக்கடியில் ஒற்றைக் கையால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ஜூன் பிறந்து மழையும் சேர்ந்துகொண்டது. அந்த மாதம் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். ஒவ்வொரு முறை தவறும்போதும் பட்டாபி, "பரவாயில்லை, நாளன்னிக்குப் போலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாயின் இடது ஓரம் சேரவில்லை என்பதைக் கோமதி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஒரு சின்னக் கார், பழையதாக இருந்தாலும் சரி, வாங்கிவிடுவது என்று அவள்தான் முடிவு செய்தாள். பட்டாபிக்குக் கம்பெனி கார் கொடுத்திருந்த காலத்தில் அதை அவரைவிட அவள்தான் அதிகம் ஓட்டினாள். லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுப்பதெல்லாம் சாயங்காலம்தான். காலை வேளை அவள் கையில் இருந்தது. தெரபிக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, லேக் மார்க்கெட்டிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவருவதற்கு என்று வேலைக்கும் குறைவில்லை. இரண்டு லட்சத்துக்குள் வேண்டும். நடு பைபாஸில் நின்றுவிடக் கூடாது. நின்றால் அவளால் தள்ளவும் முடியாது, அவரை இறக்கி நடத்திக் கூட்டிப்போகவும் முடியாது. இதில் தவறு நேர்ந்தால் இன்னொரு வண்டி வாங்க வழியும் இல்லை, காத்திருக்க மாதங்களும் இல்லை.

இப்படித் தேடிக்கொண்டு வந்த இடத்தில்தான் மீன் வாசனை அறைந்தது.

காரின் சொந்தக்காரர் ஷ்யாமலை எல்லோரும் அண்ணன் முறையில் ஷ்யாமல் தா என்பார்கள்; ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கும் மகன் அப்பா அம்மாவை அழைத்துக்கொள்கிறான். அதனால் காரைக் கொடுக்கிறார். ஒன்பது வருஷத்து ஆல்ட்டோ. வேறு கை பட்டதில்லை. கோமதி ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே உயிர் வந்தது. பிரேக் சொன்ன இடத்தில் நின்றது. ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டால் மூச்சுகூட விட முடிந்தது.

வாசனைக்குக் காரணம் என்னவென்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் ஹௌரா மார்க்கெட்டுக்குப் போய், தன் வீட்டுக்கும் சந்திலுள்ள மற்ற வீடுகளுக்கும் சேர்த்து மீன் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வருவாராம். ஒருமுறை ஐஸ் பெட்டி கவிழ்ந்து முன் சீட்டு வரைக்கும் ஓடிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தைவிட அந்த மீனின் ஞாபகம்தான் அதிகமாகத் தெரிந்தது.

பட்டாபி உள்ளே உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த வேகத்திலேயே வெளியே வந்தார்.

"கோமதி, நேக்கு ஒரு கைதான் போயிருக்கு. மூக்கு நன்னாவே இருக்கு" என்றார்.

அதற்குள் ஷ்யாமல் தாவின் மனைவி, சந்தே அண்ணி முறையில் பௌதி என்று கூப்பிடுகிற அம்மாள், உள்ளேயிருந்து ஒரு பெரிய தட்டோடு வந்துவிட்டாள். சுடச்சுட மீன் வறுவல். ரஹீம் முதல் துண்டை எடுத்த பிறகுதான் பிஸ்மில்லா சொன்னார்.  நாங்கள் மீன் தொடமாட்டோம் என்று சொன்னால், மூக்கைப் பொத்தியதற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்களே என்று கோமதிக்குக் கூச்சமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள். இன்றைக்கு ஏகாதசி, பௌதி. நாங்கள் இரண்டு பேரும் விரதம்.

பௌதி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டித் தட்டை ரஹீம் பக்கம் நகர்த்தினாள்.

போன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வண்டி வாங்கப் போகிறவர்கள் யாரும் இப்படிச் சொல்வதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் ரஹீமுக்கு மனசு ஆறவில்லை. "எஞ்சின் சத்தம் கேட்டியா தங்கச்சி? தையல் மிஷின் மாதிரி ஓடுது. மூக்குக்குப் பயந்து வண்டியை விடுறீங்களே."

"உங்களுக்கென்ன பாய், அந்தக் காரிலேயே ரெண்டு கவளம் சாதம் பிசைஞ்சு சாப்பிட்டுடுவேள்" என்றார் பட்டாபி.

"சாப்பிடுவேன். உனக்கும் ஊட்டிவிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் புனேயிலிருந்து மகள் ஸ்னேகா கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மீன் கடை இருக்கிற தெருப் பக்கமே போகாத அப்பா எப்படி மீன் காரில் போவார், அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். ஒரு வாரம் செல்போனில் தேடி ஒரு வண்டியைக் கண்டுபிடித்து அனுப்பினாள். பைபாஸ் ஓரத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி விற்கிற ஒரு இடம். படத்தில் அந்த வெள்ளைக் கார் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது.

நேரில் பார்த்தபோதும் மின்னியது. கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை. சீட்டுக்குப் புது உறை. காலடியில் புதுக் கம்பளம், நடந்தால் கால் புதைகிற மாதிரி. அழுத்திச் சீவிய தலையும் பளபளக்கிற ஷூவுமாக ஒரு விற்பனையாளர், மேடம் மேடம் என்று கூடவே வந்தார். இதே வண்டிக்கு மதியம் இன்னொரு பார்ட்டி வருகிறார்கள் என்றும் சொல்லி வைத்தார்.

பட்டாபி கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "லேக் மார்க்கெட் பூக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு, கோமதி. இதுதான் வண்டி. ராகு காலத்துக்கு முன்னாடி அட்வான்ஸைக் குடுத்துடு."

கோமதி ஓட்டிப் பார்த்தாள். நன்றாகவே போனது. ரஹீம் பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. குறை சொல்வதற்கு அவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. விலையும் சாந்த்ராகாச்சி காரைவிடக் கொஞ்சம்தான் கூட. கோமதி செல்போனைக் கையில் எடுத்தாள். பணம் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"இருங்கோ" என்றாள். "முதல்ல நீங்க ஒரு தடவை சரியா உக்காந்து பாருங்கோ. அரை மணி நேரம் போகணுமே."

பட்டாபியைக் காரில் உட்காரவைப்பதற்கு என்று அவர்கள் வீட்டில் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. முதலில் அவர் முதுகைக் காட்டிச் சீட்டில் உட்காருவார். பிறகு கோமதி இடது காலைத் தூக்கி உள்ளே வைப்பாள். இடது கை தொங்கினால் தோள் வலிக்கும் என்பதால் அதற்கடியில் ஒரு சின்னத் தலையணை. சீட் பெல்ட்டை அவரால் இழுக்க முடியாது. அது அந்தத் தூங்குகிற கையின் பக்கத்தில் இருந்தது. கோமதிதான் குனிந்து இழுத்து, தலையணையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டுவந்து மாட்டுவாள். அதற்குப் பெல்ட் சாதாரணமாக வேண்டியதைவிட நீளமாக வேண்டும்.

இழுத்தாள். போதவில்லை. இன்னும் இழுத்தாள். உள்ளே எங்கோ லேசாகச் சிக்கியது. பலமாக ஒரு இழுப்பு இழுத்ததும், பெல்ட் கடைசிவரை உருவிக்கொண்டு வெளியே வந்தது.

அதோடு பொடியாக ஏதோ பட்டாபியின் சட்டை மேல் உதிர்ந்தது.

கோமதி பார்த்தாள். பெல்ட்டின் கடைசி ஒரு முழம் வேறு நிறத்தில் இருந்தது. பழுப்பு. அந்தப் பழுப்பு முடிகிற இடத்தில், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். போன வருஷம் பூஜைக்கு முந்தின வாரம் பெய்த மழையில் அவர்கள் சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. தரைத் தளத்து வீடு. அலமாரியின் அடித்தட்டில் இருந்த அவளுடைய புடவைகளில், கல்யாணப் புடவை உட்பட, இதே கோடு விழுந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சோடா உப்பில் ஊறவைத்தாள், வெயிலில் கிடத்தினாள், டிரை கிளீனிங்குக்கும் கொடுத்தாள். கோடு போகவில்லை. கோட்டுக்குக் கீழே அந்தச் சாக்கடைத் தண்ணீரின் வாசனையும் முழுசாகப் போகவில்லை. கோமதி பெல்ட்டின் நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். மல்லிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அது அங்கே உட்கார்ந்திருந்தது.

"இந்த வண்டி எத்தனை நாள் தண்ணிக்குள்ள நின்னது?" என்று அவள் வங்காளத்தில் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

விற்பனையாளர் பெல்ட்டைப் பார்த்தார். முன்பு வைத்திருந்தவர் டீ சிந்தியிருப்பார் என்றார்.

"டீ சிந்தினா இப்படிக் கோடு போட்டுண்டு நிக்காது" என்றாள் கோமதி. இதைத் தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தவர், வரிசையின் கடைசிக் கார் வரைக்கும் நடந்துவிட்டார்.

ரஹீம் புதுக் கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பினார். அடியில் தகரம் துரு ஏறிக் கிடந்தது. அவர் கம்பளத்தைத் திரும்பப் படுக்கவைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

பட்டாபி சட்டையில் உதிர்ந்த மண்ணைத் தட்டவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் மூக்கை நம்பினேனே" என்றார் மெதுவாக. "இது நாளைக்கு நடுரோட்ல நின்னிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

 கோமதி தன் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் பணமும் போயிருக்கும். தலையணைக்கு நன்றி சொல்வதா, தூங்குகிற கைக்கு நன்றி சொல்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. 

 திரும்பி வருகிற டாக்ஸி பார்க் சர்க்கஸ் தாண்டியதும் கோமதிதான் ஆரம்பித்தாள்.

"அந்த மீன் கார்ல கம்பளம் பழசுதானே, பாய்?"

"பழசுதான். முன் சீட்டுக்கிட்ட தேஞ்சு ஓட்டையே இருந்துச்சு."

"அப்போ அதை யாரும் மாத்தலை. தண்ணி பூந்திருந்தா மாத்தியிருப்பா. இல்லேன்னா மீன் வாசனையைத் தண்ணியே அலம்பிண்டு போயிருக்கும்."

ரஹீம் முன் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினார். "இதைத்தானே தங்கச்சி நான் அன்னைக்கே சொன்னேன்."

"நீங்க பசிக்கறதுன்னுதான் சொன்னேள்."

பட்டாபி சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "போன் பண்ணு, கோமதி. நான் வேணா மூக்கைப் பொத்திண்டே வரேன்" என்றார்.

போனை எடுத்தது பௌதி. கோமதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். கார் இன்னும் இருக்கிறது என்றாள் பௌதி. நேற்று ஒரு வியாபாரி வந்து பார்த்தான், நாங்கள் கேட்டதற்கு மேலேயே தருகிறேன் என்கிறான், வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறது.  அப்படியானால் நாங்கள் இன்றே வரட்டுமா என்றாள் கோமதி.

"இன்றைக்கு வேண்டாம். வியாழக்கிழமை வாருங்கள்" என்றாள் பௌதி. "அன்றைக்குத்தான் உண்மையான ஏகாதசி."

கோமதிக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது.

வியாழக்கிழமை வரை அவள் சரியாகத் தூங்கவில்லை. மேலே தருகிறேன் என்று வந்தவனுக்குக் கொடுக்காமல் யாராவது நமக்காகக் காத்திருப்பார்களா? அதுவும் வீட்டு வாசலிலேயே மூக்கைப் பொத்திவிட்டு வந்தவர்களுக்காக? நடுவில் புதன்கிழமை மழையில் இன்னொரு தெரபியும் போயிற்று. பட்டாபி, "நாளன்னிக்குப் போலாம்" என்று சொல்லக்கூட இல்லை.

வியாழனன்று போனபோது கொய்யா மரத்தடியில் காரின் நாலு கதவும் திறந்து கிடந்தன. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்து மறுபடி மாட்டியிருந்தார் ஷ்யாமல் தா. காருக்குள் ஒரு கிண்ணத்தில் கரி, துணி முடிச்சில் காய்ந்த தேயிலை, அறுத்த எலுமிச்சம்பழங்கள். பார்த்தால் யாருக்கோ செய்வினை எடுத்த மாதிரி இருந்தது.

"மூன்று நாளாகப் போராடுகிறேன், தீதி" என்றார் அவர். "பாதி போயிருக்கிறது. மீதி போகாது. பொய் சொல்ல மாட்டேன்."

கோமதி நேராக இடது பக்கக் கதவுக்குப் போனாள். பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தாள். அது தங்குதடையில்லாமல், கடைசிவரை உருவிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்தாள்.

வெளியே இருந்த பகுதி வெயிலில் வெளுத்து நரைத்திருந்தது. உள்ளே இருந்த கடைசி ஒரு முழம், கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோலக் கறுகறுவென்று புதுசாக இருந்தது.

அதைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் என்ன பார்க்கிறாள் என்பது ஷ்யாமல் தாவுக்கும் புரிந்தது. பெரிய மழை வரும் என்றால் காரை எடுத்துக்கொண்டுபோய் மேம்பாலத்துச் சரிவில் நிறுத்திவிட்டு வருவேன் என்றார். போன வருஷத்து மழையில் காரை மேலே ஏற்றிவிட்டு, இடுப்புத் தண்ணீரில் இவர் நடந்து வந்ததைப் பௌதி சொன்னாள். வீட்டுக்குள் வந்த தண்ணீரில் கட்டிலே மிதந்ததாம். அன்றைக்குக்கூட முதலில் காரைத்தான் காப்பாற்றினார் என்பதில் அவளுக்கு இன்னும் கோபம்.

"பௌதி, அன்னிக்கு நான் சொன்னது..." என்று கோமதி ஆரம்பித்தாள்.

"அன்றைக்குத் திரயோதசி" என்றாள் பௌதி. "எங்கள் வீட்டுச் சுவரில் பஞ்சாங்கம் தொங்குகிறது, அம்மா. மீன் சாப்பிட மாட்டோம் என்று சொல்லியிருந்தால் கத்தரிக்காய் வறுத்திருப்பேன். பகவானை எதற்கு இழுத்தாய்?"

ரஹீம் இதைக் கேட்டு மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பட்டாபி தன் பங்குக்கு, மூக்கைப் பொத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று நல்ல வங்காளத்தில் கேட்டார். கைக்குட்டையை இன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பதாகவும் சொன்னார்.

அப்புறம் கோமதி தன் நெஞ்சில் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். அந்த வியாபாரி அதிகம் தருகிறேன் என்றானே, ஏன் எங்களுக்கு?

ஷ்யாமல் தா மனைவியைப் பார்த்தார். பௌதிதான் சொன்னாள்.

"அவன் வந்ததும் பானெட்டைத் திறந்தான். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் திறந்தார்கள். வாசனை என்றதும், அது ஒன்றுமில்லை, ஒரு பாட்டில் சென்ட் அடித்தால் வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றான். நீ வந்ததும் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட் எவ்வளவு உயரம் என்று கையால் சாண் போட்டுப் பார்த்தாய். இவர் காலை எப்படி உள்ளே வைப்பது என்று பார்த்தாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூக்கைப் பொத்தினது இவர்தான். நீ பொத்தவில்லை."

 ஏதாவது சொல்ல வேண்டும் என்று கோமதி வாயைத் திறந்தாள், கண்தான் முந்திக்கொண்டது. பௌதி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். விரதத்துக்கென்று ஜவ்வரிசிக் கிச்சடி செய்து வைத்திருந்தாள். பட்டாபி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரஹீமுக்கும் அதே கிச்சடிதான் கிடைத்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பட்டாபி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது பௌதி காரின் முன்னால் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். கோமதி தான் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். ஷ்யாமல் தா சாவியைக் கொடுத்தார், கொடுத்த கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. கார்டாக இருந்தவர் அல்லவா, வண்டி நகரும்போது பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிப் பச்சைக் கொடி காட்டுகிற மாதிரி அசைத்தார்.

அதற்கப்புறம் ஒரு தெரபிகூடத் தவறவில்லை. ஆடியில் மழை கொட்டியது. ஆவணியில் அதைவிடக் கொட்டியது. வானம் கறுத்தால் கோமதி முதல் நாள் சாயங்காலமே காரைக் கொண்டுபோய் மேட்டில் இருக்கிற ஒரு தெருவில் நிறுத்திவிட்டு வந்தாள். அது ஷ்யாமல் தா கற்றுக்கொடுத்தது. கார் ஒரு நாள்கூட நின்றதில்லை. அரிசி மூட்டை வந்தது, ரத்தப் பரிசோதனை முடிந்தது, ரஹீமின் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததும் அதே கார்தான்.

வாசனை வெயில் நாளில் தெரியாது. காற்றில் ஈரம் ஏறினால் மெல்ல எழுந்து வரும். மழை வரப்போவதை வானிலை அறிக்கைக்கு முன்னால் அது சொல்லிவிடும். "ஷ்யாமல் தா வந்துட்டார்" என்பார் பட்டாபி. கோமதி ஜன்னல்களை இறக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து போன் வரும். வண்டி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் பட்டாபியின் கை எப்படி இருக்கிறது என்று கேட்பார். அங்கே கிடைக்கிற மீனில் வாசனையே இல்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. உங்களுடையதெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று பட்டாபி ஆறுதல் சொல்வார்.

மகாளயத்துக்கு முந்தின வாரம். காலையில் தெரபிக்குப் புறப்பட்டார்கள். சந்தின் முனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி போக அரை அடிதான் இடம். கோமதி அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், தலையணையைச் சொருகினாள், கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மூங்கில்காரர்கள் வழி விடுகிறார்களா என்ற யோசனையில் பெல்ட்டை மறந்துவிட்டாள். ஞாபகம் வந்து, குறுக்கே சாய்ந்து கையை நீட்டினாள்.

பெல்ட் அங்கே இல்லை.

பட்டாபியின் இடது கை அதைப் பிடித்திருந்தது. விரல்கள் நடுங்கின. கொஞ்சம் இழுத்தது, நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. கோமதி நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் ஒரு பெரிய லாரி நிற்கிறதைப் போலக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில்காரர் ஒருவர், போகலாம் போகலாம் என்று கை காட்டினார். அவள் அசையவில்லை. பெல்ட் மார்பு வரைக்கும் வந்தது. அங்கிருந்து வலது கை அதை வாங்கிக்கொண்டது. டக் என்று மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

பட்டாபிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஒன்றுமே நடக்காதது போல நேரே பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார்.

"என்ன பாத்துண்டிருக்கே, கிளம்பு. ஷ்யாமல் தா வந்துட்டார். பைபாஸ் போறதுக்குள்ள மழை பிடிச்சுக்கும்."

ஆமாம், வாசனை நன்றாகவே எழுந்திருந்தது. கோமதி சாவியைத் திருப்பினாள். முதல் தடவையிலேயே உயிர் வந்தது. அவள் அன்றைக்கு ஜன்னலை இறக்கவில்லை.